ஒரு பாத்தி, ஆறு தொட்டி, 120 நாட்கள்: எங்கள் வீட்டுத்தோட்டம் பற்றிய நிகழ்வு ஆய்வு

களமும் ஆட்களும்

வீட்டுக்குப் பின்னால் 3 மீட்டர் நீளமும் 1.2 மீட்டர் அகலமும் உள்ள ஒரு பாத்தி, சுவரோரமாக ஆறு தொட்டிகள். இந்த ஆய்வின் களம் இவ்வளவுதான். அகலத்தை 1.2 மீட்டரோடு நிறுத்தியதற்குக் காரணம் உண்டு. இரண்டு பக்கத்திலிருந்தும் கை நீட்டினால் நடுப்பகுதி எட்ட வேண்டும். பாத்திக்குள் கால் வைத்து மண்ணை மிதித்தால் அது இறுகிப்போகும், வேருக்குக் காற்று கிடைக்காது.

ஆட்கள் நான்கு பேர்: நான், என் மனைவி, ஒன்பது வயது மகள், எங்களோடு இருக்கும் என் அப்பா. பாத்தியில் நான்கு தக்காளி, ஒரு வரிசை பீன்ஸ், பன்னிரண்டு இனிப்புச் சோளம். சோளம் உயரும்வரை இடைவெளிகளில் முள்ளங்கி. தொட்டிகளில் வெள்ளரி, கீரை, மிளகாய், புதினா.

முதல் விதை போட்ட நாளிலிருந்து கடைசிக் கொடியைப் பிடுங்கிய நாள்வரை ஒரு நோட்டில் எழுதி வந்தேன். தேதி, என்ன பறித்தோம், எத்தனை கிராம், குறிப்பு என்று நான்கு கட்டங்கள். போட்ட உழைப்புக்கு எவ்வளவு விளைகிறது என்று பார்ப்பதுதான் அப்போதைய எண்ணம். அதற்காகவே சமையலறைத் தராசைத் தோட்டத்துப் படிக்கட்டுக்குக் கொண்டுவந்து வைத்தேன். ஐந்தாவது வாரத்தில் நோட்டைப் புரட்டிப் பார்த்தபோது கிராம் கட்டத்தில் பாதி காலியாகக் கிடந்தது. குறிப்புக் கட்டமோ பக்க ஓரம்வரை வழிந்து, சில இடங்களில் மகளின் கையெழுத்திலும் நிரம்பியிருந்தது. அதன்பிறகு நான் கேட்க விரும்பிய கேள்வியே மாறிவிட்டது. இவ்வளவு சிறிய விளைச்சல் எங்கள் நான்கு பேருக்கும் இவ்வளவு மகிழ்ச்சி தருகிறதே, அது எங்கிருந்து வருகிறது? நாக்கிலிருந்தா, கண்ணிலிருந்தா, வெறும் பெருமையிலிருந்தா?

28-ஆம் நாள்

முதலில் கைக்கு வந்தது முள்ளங்கி. போட்ட ஐந்தாம் நாள் முளைத்து, 28-ஆம் நாள் தோள் பகுதி மண்ணுக்கு மேலே சிவப்பாகத் தெரிந்தது. மகள் இலைகளைக் கொத்தாகப் பிடித்து இழுத்தாள். மண் சற்று முரண்டு பிடித்து, பிறகு மெல்லிய ஒரு சத்தத்தோடு விட்டுக்கொடுத்தது. குழாயடியில் அலசிவிட்டு அங்கேயே நின்று கடித்தோம்.

கடித்த உடனே காரம் தெரியவில்லை. முதலில் குளிர்ச்சியும் ஈரமும்தான். ஒரு நொடி கழித்துதான் மூக்குவரை ஏறியது. முள்ளங்கிக்குள் காரம் தயாராக உட்கார்ந்திருப்பதில்லை. அதன் மூலப்பொருளும் அதை உடைக்கும் நொதியும் தனித்தனியே இருக்கின்றன. பல் பட்டு அணுக்கள் உடையும்போதுதான் இரண்டும் கலந்து காரம் பிறக்கிறது. அந்தக் காரத்தை நம் வாய்க்குள்ளேயே, அந்தக் கணத்தில் நாம்தான் உண்டாக்குகிறோம். இதைச் சொன்னதும் மகள் இன்னொன்றைப் பிடுங்கி, கண்ணை மூடிக்கொண்டு அந்த ஒரு நொடிக்காகக் காத்திருந்தாள்.

பிடுங்கிய குழியிலிருந்து வந்த மண்வாசம் அன்றைய குறிப்பில் இருக்கிறது. அந்த வாசத்தின் பெரும்பகுதி ஜியோஸ்மின் என்ற பொருள். மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் போன்ற நுண்ணுயிரிகள் அதை உருவாக்குகின்றன. லட்சம் கோடியில் சில துகள் இருந்தாலே மனித மூக்கு கண்டுகொள்ளும். மண்ணில் தத்தித் திரியும் வால்குதிப்பூச்சிகளை அந்த வாசம் இழுக்கிறது, அவை அந்த நுண்ணுயிரிகளைத் தின்று அவற்றின் வித்துகளைப் பரப்புகின்றன என்று 2020-ல் ஓர் ஆய்வு வந்தது. மண்வாசம் நமக்காக உண்டானதல்ல. ஆனாலும் அதை முகர்ந்தவுடன் நான்கு பேரும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தோம் என்பதை நான் எழுதி வைத்திருக்கிறேன்.

வெள்ளரியும் அப்பாவும்

அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. காலை நேரம் நகர மாட்டேன் என்கிறது என்பார். வெள்ளரி பூக்கத் தொடங்கியபின் அந்தப் பேச்சு நின்றது.

முதல் பத்து நாள் பூத்த பூவெல்லாம் உதிர்ந்தது. கொடிக்கு ஏதோ நோய் என்று கவலைப்பட்டோம். நோய் எதுவும் இல்லை. வெள்ளரியில் ஆண் பூக்கள்தான் முதலில் வரும், ஒரு நாள் மலர்ந்துவிட்டு விழும். பெண் பூ பின்னால் வரும். அதை முதலில் கண்டுபிடித்தவள் மகள்.

"தாத்தா, இந்தப் பூவுக்குக் கீழ மட்டும் குட்டி வெள்ளரி இருக்கு!"

"அதுதாம்மா பெண் பூ. மத்ததெல்லாம் ஆண் பூ. அதுல இருக்கிற மஞ்சத்தூளை எடுத்து இதுல தடவணும்."

"அது தேனீ வேலைதானே?"

"தேனீ வரலேன்னா நாமதான் தேனீ."

எங்கள் பக்கம் தேனீ குறைவாகத்தான் வந்தது. மகளின் ஓவியத் தூரிகையில் மெல்லியதாக ஒன்றை எடுத்து, வெயில் ஏறுவதற்குள் ஆண் பூவின் மகரந்தத்தைத் தொட்டுப் பெண் பூவின் நடுவில் தடவுவது இருவரின் தினசரி வேலையானது. மகரந்தம் சரியாகப் படாத காய்கள் ஒரு பக்கம் மெலிந்து வளைந்தன. நன்றாகப் பட்டவை நேராக நீண்டன. காயைப் பார்த்தே "இது நேத்து நீ அவசரமா செஞ்சது" என்று அப்பா சொல்ல, மகள் ஒத்துக்கொள்ள மாட்டாள். இந்த வாதத்தை நான் மூன்று இடத்தில் குறித்திருக்கிறேன்.

பூ தொட்டதிலிருந்து பறிக்கும்வரை சுமார் பத்து நாள். வெள்ளரி வளர்வதைக் கண்ணால் பார்க்கலாம் என்றே சொல்வேன். காலையில் விரல் நீளம் இருந்தது மறுநாள் மாலைக்குள் உருமாறி நிற்கும். பறித்த காயின் மேல் சிறு சிறு சுணைகள் இருக்கும், கையை லேசாக உறுத்தும். கட்டைவிரலால் வழித்தால் உதிர்ந்துவிடும். பல கை மாறி வந்த காயில் அவற்றை நான் கண்டதில்லை. இத்தனை வருடம் வெள்ளரி தின்றும், அதற்குச் சுணை உண்டு என்பது எனக்கு நாற்பது வயதுக்குமேல்தான் தெரிந்தது.

ஒரு வாரம் வெயில் கடுமையாக இருந்தபோது தண்ணீர் முறை தவறிவிட்டது. அந்த வாரக் காய்கள் காம்புப் பக்கம் கசந்தன. குக்கர்பிடாசின் என்ற பொருள்தான் காரணம். கொடி வாடித் தவிக்கும்போது அது கூடும், காம்பருகில் அதிகம் சேரும். காம்புப் பக்கத்தை இரண்டு விரற்கடை வெட்டிவிட்டுச் சாப்பிட்டோம். இலைக்கு அடியில் ஒளிந்துகொண்ட ஒரு காய் மஞ்சளாகப் பழுத்தே போனது. அதன்பின் கொடி புதிய பிஞ்சு விடுவதைக் குறைத்துக்கொண்டது. விதை முற்றிவிட்டால் செடிக்கு வேலை முடிந்த மாதிரி. பறிக்கப் பறிக்கத்தான் காய்ப்பு நீளும், பீன்ஸுக்கும் இதே கதைதான்.

தவறு ஒன்று

தக்காளியின் முதல் கொத்தில் ஏழு காய். அவற்றில் ஐந்தின் அடிப்பக்கம் கறுத்துத் தோல்போல் இறுகிவிட்டது. நான்காவது காய் கறுத்த அன்று தோட்டத்துப் பக்கம் போகவே மனம் வரவில்லை. இதை முழுமையாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தவறு முழுக்க என்னுடையது.

இதற்கு அடி அழுகல் என்று பெயர். இது பூச்சியாலோ கிருமியாலோ வருவதில்லை. காய்க்குப் போய்ச் சேர வேண்டிய சுண்ணாம்புச்சத்து, அதாவது கால்சியம், குறைவதால் வருகிறது. கால்சியம் தண்ணீரோடு சேர்ந்துதான் செடிக்குள் ஏறும். இலைகள் நிறைய நீரை ஆவியாக விடுவதால் பெரும்பங்கு அங்கே போய்விடும், காய்க்குக் கடைசிப் பங்குதான். நாங்கள் மூன்று நாள் வெளியூர் போய் மண்ணைக் காயவிட்டு, திரும்பியதும் குற்ற உணர்ச்சியில் குடம் குடமாக ஊற்றினோம். மண்ணில் கால்சியம் இருந்தும் காய்க்குப் போய்ச் சேரவில்லை. அடுத்து நான் செய்ததும் தவறுதான்: முட்டை ஓட்டைப் பொடித்துத் தூவினேன். ஓடு மட்கிச் செடிக்குக் கிடைக்க மாதக்கணக்காகும்.

வேலை செய்தது மூடாக்குதான். காய்ந்த இலைகளை நான்கு விரல் கனத்துக்குச் செடியடியில் பரப்பி, தினம் ஒரே அளவு தண்ணீர் விட்டோம். மூன்றாவது கொத்திலிருந்து ஒரு காய்கூடக் கறுக்கவில்லை. தப்பிய அந்த முதல் இரண்டு காய்களை வீட்டில் யாரும் நறுக்கத் துணியாமல் ஜன்னலோரம் நான்கு நாள் வைத்திருந்தோம்.

தக்காளிச் சோதனை

இந்த ஆய்வில் கொஞ்சமாவது சோதனை என்று சொல்லத்தக்கது இதுதான். ஒரே செடியிலிருந்து மூன்று விதமாகப் பழம் சேர்த்தேன். முதலாவது, செடியிலேயே முழுதாகப் பழுத்தது. இரண்டாவது, பச்சை மாறி இளஞ்சிவப்பு எட்டிப்பார்க்கும்போதே பறித்து அறைக்குள் பழுக்க வைத்தது. மூன்றாவது, பழுத்தபின் ஒரு வாரம் ஃபிரிட்ஜில் இருந்தது. மூன்றையும் ஒரே சூட்டுக்குக் கொண்டுவந்து, மூவரின் கண்ணையும் கட்டி, ஆளுக்கு மூன்று துண்டு கொடுத்தேன். என் முறைக்கு மனைவி கொடுத்தாள்.

ஃபிரிட்ஜ் பழத்தை நான்கு பேரும் கடைசியில் வைத்தோம். இது எதிர்பார்த்ததே. தக்காளி மணம் பல ஆவிப்பொருள்கள் சேர்ந்து தருவது. 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் அவற்றை உருவாக்கும் மரபணுக்கள் அடங்கிவிடுகின்றன. 5 டிகிரியில் ஏழு நாள் வைத்த பழத்தை வெளியே எடுத்து வைத்தாலும் மணம் முழுதாகத் திரும்புவதில்லை என்று 2016-ல் வெளியான ஆய்வு காட்டியது. சர்க்கரையும் புளிப்பும் பெரிதாக மாறுவதில்லை, போவது மணம்தான். நாக்கு "இது தக்காளி" என்கிறது, மூக்கு மௌனமாக இருக்கிறது.

எதிர்பாராதது மற்ற இரண்டிலும் நடந்தது. செடியில் பழுத்ததையும் அறையில் பழுத்ததையும் நானும் அப்பாவும் மாற்றிச் சொன்னோம். மனைவியும் மகளும் சரியாகச் சொன்னார்கள், ஆனால் மகள் ஊகித்ததாக ஒத்துக்கொண்டாள். நான்கு பேரை வைத்து எதையும் நிறுவ முடியாது. ஆனாலும் செடியில் பழுத்தால்தான் ருசி என்று இரண்டு மாதமாக ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த எனக்கு அது பெரிய செய்தி.

பிறகு அப்பாவின் கண் கட்டை அவிழ்த்துவிட்டு, "இது நீ கொம்பு ஊன்றிக் கட்டிய கிளையில் பழுத்தது" என்று சொல்லி, செடியில் பழுத்த அதே பழத்தின் இன்னொரு துண்டைக் கொடுத்தேன். அப்பா மென்றுவிட்டு, "இதுதான் நல்லா இருக்கு" என்றார். நான் ஏமாற்றவும் இல்லை, அவர் பொய் சொல்லவும் இல்லை. தன் கையால் செய்த பொருளை மனிதர்கள் கூடுதலாக மதிப்பார்கள் என்பது உளவியலில் சோதித்துப் பார்த்த விஷயம். அதைத் தன்னை ஏமாற்றிக்கொள்வது என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. கொம்பு ஊன்றிய காலையில் இலையில் கை பட்டு விரலெல்லாம் பச்சையும் மஞ்சளுமாகப் படிந்த பிசின், கழுவியும் போகாத அந்தத் தக்காளிச்செடி வாசம், பூங்கொத்தைச் சுண்டிவிட்டு மகரந்தம் உதிர்வதைப் பார்த்தது, எல்லாம் அந்தத் துண்டோடு சேர்ந்து அவர் வாய்க்குள் போயிருக்கிறது. இவற்றில் நாக்குக்கு எது பங்கு, நினைவுக்கு எது பங்கு என்று பிரிக்க முயன்றால் சாப்பாட்டில் மிஞ்சுவது கொஞ்சம்தான்.

சோளத்தில் வாதமே இல்லை

தக்காளியில் எனக்கு வந்த சந்தேகம் சோளத்தில் வரவில்லை. இனிப்புச் சோளத்தைப் பறித்த கணத்திலிருந்து அதன் சர்க்கரை மாவுச்சத்தாக மாறத் தொடங்கும். சாதாரண இனிப்பு ரகத்தில், 30 டிகிரி வெப்பத்தில் ஒரே நாளில் சர்க்கரை ஏறத்தாழ பாதியாகக் குறைந்துவிடும். அண்மைக்கால அதிஇனிப்பு ரகங்கள் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். நாங்கள் போட்டது சாதாரண ரகம்.

பன்னிரண்டு செடியையும் ஒரே வரிசையில் நடாமல் நான்குக்கு மூன்றாகக் கட்டமாக நட்டோம். சோளத்துக்குக் காற்றுதான் மகரந்தம் கொண்டுவரும். உச்சியில் உள்ள ஆண் பூங்கதிரிலிருந்து தூள் உதிர்ந்து கீழே உள்ள கதிரின் பட்டுநூலில் விழ வேண்டும். ஒவ்வொரு நூலும் ஒரு மணிக்குச் சொந்தம். தூள் படாத நூலின் மணி வெறுமையாகவே நிற்கும். இதை மகளுக்குக் காட்டியபோது அவள் ஒரு கதிரின் நூல்களை எண்ண ஆரம்பித்து, நூற்றைத் தாண்டியதும் விட்டுவிட்டாள். ஓரச்செடிகளின் இரண்டு கதிர்கள் பல் விழுந்த வாய்போல வந்தன. அவளுக்கும் அப்போது முன்பல் ஒன்று விழுந்திருந்தது. அந்தக் கதிரைத் தனக்கென்று எடுத்துக்கொண்டாள்.

நூல் வெளிவந்து இருபது நாள் ஆனதும், நூல் பழுப்பேறிக் காய்ந்ததும், உறையைச் சற்றே விலக்கி நகத்தால் ஒரு மணியைக் கிள்ளிப் பார்த்தோம். தெளிந்த நீர் வந்தால் இன்னும் நாள் இருக்கிறது. பால்போல் வந்தால் இன்றே. பால் வந்தது.

அன்று மனைவிதான் முறையைச் சொன்னாள்: முதலில் அடுப்பில் தண்ணீரைக் கொதிக்க வை, பிறகு பறிக்கப் போ. தண்ணீர் கொதிக்கும்போது கதிரை முறுக்கி ஒடித்து, நடந்து வரும்போதே உறையை உரித்து, பானையில் போட்டோம். செடியிலிருந்து பானைக்கு நான்கு நிமிடம். மூன்று நிமிடம் வேகவைத்து, உப்புக்கூடப் போடாமல் சாப்பிட்டோம். சாப்பிட்டு முடிக்கும்வரை யாரும் பேசவில்லை. குறிப்புக் கட்டத்தில் அன்று எழுதியது ஒரே சொல்: "சத்தமில்லை."

அடுத்த நாள் வேண்டுமென்றே இரண்டு கதிரைக் காலையில் பறித்து மறுநாள் காலைவரை மேசைமேல் வைத்துச் சமைத்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அது வேறு உணவு. மகள் பாதியில் தட்டை நகர்த்திவிட்டுத் தோட்டத்தைப் பார்த்தாள்.

தேதி எழுதிய இன்னொருவர்

என் நோட்டைப் பற்றி யோசித்தபோது தாமஸ் ஜெஃபர்சன் நினைவுக்கு வந்தார். அமெரிக்காவின் மூன்றாவது அதிபரான அவர் 1766 முதல் 1824 வரை தோட்டக் குறிப்பேடு எழுதினார். காய்கறிகளுக்கென அவர் போட்ட அட்டவணையில் விதைத்த நாளோடு, அந்தக் காய் மேசைக்கு வந்த நாளுக்கும் தனிக் கட்டம் இருந்தது. முதல் பட்டாணி தட்டில் விழுந்த தேதி அவருக்குப் பதிவு செய்யத்தக்க செய்தி. 1811-ல் ஒரு கடிதத்தில், தான் கிழவன்தான் என்றாலும் இளம் தோட்டக்காரனே என்று எழுதினார். மான்டிசெல்லோ என்ற அவருடைய பண்ணையில் அந்தப் பட்டாணிக்கு மண் கொத்தியவர்கள் அடிமைகளாக இருந்த மனிதர்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மேசைக்கு வந்த நாளின் இன்பம் அவர்களுடையதாக இல்லை. விதைத்தவரே தின்பதில்தான் நான் இங்கே சொல்லும் மகிழ்ச்சி முழுமையடைகிறது என்பதால் இது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

என்ன தெரிந்தது

எடை போட்டவரை மொத்தம் 11 கிலோவும் சொச்சமும். நான்கு பேருக்கு 120 நாளில் இது பெரிய அளவே அல்ல. எங்கள் காய்கறித் தேவையின் பெரும்பகுதி வெளியிலிருந்தே வந்தது. வயிற்றை நிரப்பத் தோட்டம் போடுகிறவர்களுக்கு என் கணக்கு உதவாது. அவர்களுக்கு அளவுதான் முக்கியம், அதில் தவறில்லை.

எங்களுக்குக் கிடைத்தது அருகாமை. சோளத்தில் அது நான்கு நிமிட அருகாமை, நாக்கே சாட்சி. வெள்ளரியில் பத்து நாள் தினமும் பக்கத்தில் நின்றதன் அருகாமை. முள்ளங்கியில் குழாயடிக்கும் குழிக்கும் இடையே இருந்த ஆறடி. தக்காளியில் பாதி மணமாகவும் பாதி நினைவாகவும் இருந்தது. சந்தையின் நல்ல தக்காளியும் நல்ல தக்காளிதான். அதற்கும் எனக்கும் நடுவில் நடந்தவை எனக்குத் தெரியாது என்பது மட்டும்தான் வித்தியாசம்.

மாறாதவையும் உண்டு. மகள் இன்றும் சமைத்த தக்காளியை ஓரத்தில் ஒதுக்குகிறாள். செடியடியில் நின்று பச்சையாகத் தின்பாள், தட்டில் வந்தால் தொடமாட்டாள். கீரைத்தொட்டியை அசுவினிப் பூச்சி மொய்த்து, சோப்புக் கரைசல் தெளித்தும் பாதி போனது. புதினா பக்கத்துத் தொட்டிவரை எட்டிப்பார்த்து மிளகாய்க்கு இடைஞ்சல் செய்தது. மனைவிக்கு மூட்டு வலி இருப்பதால் குனிந்து களை எடுக்கும் வேலை கடைசிவரை அவளுக்குச் சுமையாகவே இருந்தது. அடுத்த முறை அவளுக்காகப் பாத்தியின் ஒரு பக்கத்தை இடுப்பளவு உயர்த்தப் போகிறோம்.

நிறைய காய்த்த வாரங்களில் வெள்ளரியைப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தோம். கொடுக்கும்போது அப்பா சுணையைத் தடவிப் பார்க்கச் சொல்வார். வாங்கியவர்கள் எல்லாரும் தடவிப் பார்த்தார்கள்.

120-ஆம் நாள்

கடைசிக் கொத்தில் நன்றாகப் பழுத்த இரண்டு தக்காளியை விதைக்கு விட்டோம். எங்கள் தக்காளி வீரிய ஒட்டு ரகம் அல்ல என்பதால் விதை எடுத்தால் தாய்ச்செடி போலவே வரும். சோளம் ஒட்டு ரகம், அதை எடுக்கவில்லை. விதையைச் சுற்றியுள்ள வழுவழுப்பு முளைப்பதைத் தடுக்கும். அதனால் சாறோடு ஒரு கிண்ணத்தில் விட்டு மூன்று நாள் புளிக்கவைத்தோம். மேலே ஆடை படர்ந்தது, நாற்றமும் வந்தது. அலசியபோது நல்ல விதைகள் அடியில் தங்கின, பதர் மிதந்து போனது. தட்டில் பரப்பி நிழலில் உலர்த்தினோம்.

உலர்ந்தபின் மகள் எண்ணினாள். இம்முறை பாதியில் விடவில்லை: 143. காகித உறையில் போட்டு, மேலே தேதி எழுதி, அதற்குக் கீழே "தாத்தா கொம்பு நட்ட கிளை" என்று எழுதினாள். உறை இப்போது அப்பாவின் அலமாரியில், அவர் கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. நாற்று விடும் நாளை அவரே நோட்டில் குறித்துவிட்டார்.